போரோசிலிகேட் மணி உடையாமல்தானே இருக்கிறது, அப்புறம் எதற்கு அனீலிங்?

கேள்வி இது: டார்ச்சில் போரோசிலிகேட் தண்டை உருக்கி மணி செய்கிறேன். செய்து முடித்ததும், மணியைச் சுற்றி உருவாக்கும் மேண்ட்ரல் எஃகுக் கம்பியோடு செராமிக் ஃபைபர் கம்பளத்துக்குள் செருகி ஆறவிடுகிறேன். இதுவரை உடையவில்லை. சாதாரண மென்கண்ணாடி மணிக்குத்தான் சூளை வேண்டும், போரோவுக்குத் தேவையில்லை என்கிறார்கள். உண்மையா? வேண்டும் என்றால் எந்த வெப்பநிலை, எவ்வளவு நேரம்?

முதலில் நேரடிப் பதில். போரோ மணிக்கும் அனீலிங் வேண்டும், அதாவது சூளையில் சூடாக நிறுத்தி, மெதுவாக ஆற்றி, கண்ணாடிக்குள் மாட்டிய விசையை நீக்குவது. உங்கள் மேசையிலேயே கிடக்கப்போகும் பயிற்சி மணி என்றால் கம்பளம் போதும். இன்னொருவர் கழுத்தில் போடப்போகும் மணி என்றால் அது சூளைக்குள் போய்த்தான் வர வேண்டும். 565 டிகிரி செல்சியஸில் வைத்து, 12 மில்லிமீட்டர் வரை பருமன் உள்ள மணிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் நிறுத்தி, அங்கிருந்து 500 டிகிரி வரை மெதுவாக இறக்க வேண்டும். எல்லா இடத்திலும் இந்த எண்கள் கிடைக்கும். ஆனால் எண்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான், உங்கள் சூளைக்கும் உங்கள் மணிக்கும் ஏற்றபடி அவற்றை மாற்ற முடியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"உடையவில்லை" என்பது பொய்யில்லை. போரோசிலிகேட் அப்படிப்பட்ட கண்ணாடிதான். அதில் ஏறக்குறைய 80 சதவீதம் சிலிக்கா, 12 அல்லது 13 சதவீதம் போரான் ஆக்சைடு, மிச்சம் சோடாவும் அலுமினாவும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஜெர்மனியில் ஓட்டோ ஷாட் போரானைச் சேர்த்து, சூட்டுக்கும் குளிருக்கும் அசையாத ஒரு கண்ணாடியை உருக்கினார். 1915-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் பைரெக்ஸ் என்று இதே குடும்பத்துக் கண்ணாடியைச் சமையலறைக்குக் கொண்டுவந்தது. வெப்ப விரிவுக் குணகம் (ஒரு டிகிரிக்கு நீளத்தில் கோடியில் எத்தனை பங்கு என்ற அலகில்) போரோவுக்கு 33, இத்தாலிய மென்கண்ணாடிக்கு 104. அதாவது ஒரே அளவு சூடேறினால் போரோ மூன்றில் ஒரு பங்குதான் நீளும். கணக்குப் போட்டால், கண்ணாடிக்குள் ஒரு டிகிரி வித்தியாசம் உறைந்து நின்றால் போரோவில் அதிகபட்சம் சுமார் கால் மெகாபாஸ்கல் தகைவு, அதாவது கண்ணாடிக்குள் நிற்கும் இழுப்போ அமுக்கமோ, வரும். 104 கண்ணாடியில் அதே ஒரு டிகிரிக்கு ஒரு மெகாபாஸ்கலை நெருங்கும். மென்கண்ணாடி மணி கம்பளத்துக்குள்ளேயே படார் என்று பிளப்பதும், போரோ மணி பேசாமல் இருப்பதும் இதனால்தான்.

ஆக, போரோவில் தகைவு வராமல் இல்லை, குறைவாக வருகிறது. அன்றைக்கே உடைக்கும் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். அது எப்படி வருகிறது, மணியில் எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் இதில் முக்கியமான விஷயம்.

சிவந்து இருக்கும் கண்ணாடிக்குள் தகைவு நிற்காது. இழுத்தால் அது கொடுத்துவிடும். குளிரக் குளிர அதன் பாகுத்தன்மை ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கொடுப்பதை நிறுத்திவிடும். காற்றில் நிற்கும் மணியில் வெளித்தோல்தான் முதலில் அந்தக் கட்டத்துக்கு வரும். அது இறுகிவிட்டது. உள்ளே இருப்பது இன்னும் சில பல டிகிரி சூடு. அந்த உள்பகுதியும் இறுகி, இரண்டும் சேர்ந்து அறைவெப்பத்துக்கு வரும்போது, உள்பகுதிதான் அதிகம் சுருங்க வேண்டியிருக்கும். வெளித்தோல் விடாது. முடிவில் தோல் அமுக்கத்திலும் உள்பகுதி இழுவிசையிலும் நிரந்தரமாக மாட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்னது நிரந்தரத் தகைவு. அது கண்ணாடி இறுகும் அந்தக் குறுகிய வெப்ப இடைவெளியில், போரோவுக்குச் சுமார் 565-இலிருந்து 500 வரை, எவ்வளவு வேகமாக இறங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. 500-க்குக் கீழே முழுக்க இறுகிய பிறகு வேகமாகக் குளிர்ந்தாலும் தகைவு வரும், ஆனால் அது தற்காலிகம். மணி முழுவதும் ஒரே வெப்பநிலைக்கு வந்ததும் மறைந்துவிடும். கீழே உள்ள பயம் ஒன்றுதான்: அந்தத் தற்காலிகத் தகைவே விரிசல் விடும் அளவுக்குப் போய்விடக் கூடாது. பலர் 565-இலிருந்து சூளையை அணைத்துவிட்டு, அது 200-க்கு வந்த பிறகு திறக்கலாமா கூடாதா என்று கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டிய இடம் அதற்கு வெகு மேலே, முதல் 65 டிகிரியில் முடிந்துபோயிருக்கும்.

தோலில் அமுக்கம், உள்ளே இழுவிசை என்றால் ஒரு விதத்தில் நல்லதுதானே என்று கேட்கலாம். டெம்பர் செய்த கண்ணாடிக்கு அதே அமைப்புதான், அது பலமாகவும் இருக்கிறது. முழு உருண்டையாக இருந்தால் இந்த வாதத்தில் கொஞ்சம் பொருள் உண்டு. கண்ணாடி இழுவிசையில்தான், அதுவும் பெரும்பாலும் மேற்பரப்பில் உள்ள கீறலிலிருந்துதான் பிளக்கும். மேற்பரப்பு அமுக்கத்தில் இருந்தால் கீறல் வாய் திறக்காது.

ஆனால் மணிக்குத் துளை இருக்கிறது. அங்கேதான் இந்த வாதம் சரிந்துவிடுகிறது.

மணி என்பது கனத்த சுவர் கொண்ட ஒரு சின்னக் குழாய். அது ஆறும்போது வெளிப்பக்கம் மட்டுமே காற்றைப் பார்க்கிறது. உள்பக்கம் சூடான எஃகுக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறது. அதனால் துளையின் சுவர், முக்கியமாக அதன் நடுப்பகுதி, கடைசியாக இறுகும். கடைசியாக இறுகும் இடம் இழுவிசையில் முடியும் என்று இப்போதுதான் பார்த்தோம். உருண்டையில் இழுவிசை நடுவயிற்றுக்குள் பத்திரமாகப் பூட்டிக் கிடக்கும். மணியில் அது ஒரு திறந்த மேற்பரப்பிலேயே, துளைச் சுவரிலேயே வந்து நிற்கிறது. அந்தச் சுவர் எப்படிப்பட்டது? சுடரில் உருகி வழவழப்பான வெளிப்பக்கம் போல அல்ல. மணி கம்பியில் ஒட்டாமலிருக்கப் பூசும் பீட் ரிலீஸ் பூச்சின் களிமண், அலுமினாத் துகள்கள் மேல் அழுந்தி உருவான சொரசொரப்பு. நுனியில் கண்ணாடி சரியாகச் சுருண்டு குழியாமல் கூராக நின்றிருந்தால் அங்கே ஏற்கெனவே சிறு சில்லுகளும் இருக்கும். அப்புறம் நாமே வைரத்தூள் பதித்த ரீமரை (துளையைத் தேய்க்கும் கருவி) உள்ளே விட்டு, பூச்சைச் சுத்தம் செய்கிறேன் என்று இன்னும் கீறுகிறோம். அதன் பிறகு கம்பியோ நூலோ கோத்து, ஒவ்வோர் அசைவிலும் அங்கேயே உராயவிடுகிறோம்.

இழுவிசை உள்ள இடத்தில் கீறல் இருந்தால் உடனே உடைய வேண்டும் என்பதில்லை. காற்றில் உள்ள ஈரம் கீறலின் நுனியில் சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கும். தகைவு இருக்கும்வரை கீறல் மிக மெதுவாக நீண்டுகொண்டே போகும். ஒரு நாள் அது தாங்க முடியாத நீளத்தை எட்டும்போது மணி பிளக்கும். யாரும் தட்டியிருக்க மாட்டார்கள், பெட்டிக்குள் சும்மா கிடந்திருக்கும். மாதங்கள் கழித்துக் காரணமே இல்லாமல் பிளந்தது என்று சொல்லப்படும் மணிகளில் விரிசல் துளையிலிருந்து கிளம்பியிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். போரோசிலிகேட் 3.3 கண்ணாடியால் (நாம் சொல்லும் 33 குணகக் கண்ணாடிதான்) அழுத்தக் கலன்கள் வடிவமைக்கும்போது நீடித்த இழுவிசைக்கு 7 மெகாபாஸ்கல்தான் வரம்பு. புதுக் கண்ணாடி அதைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனாலும் கீறல் பட்ட கண்ணாடி ஆண்டுக்கணக்கில் ஈரத்தோடு வாழ வேண்டும் என்பதை மனதில் வைத்து அவ்வளவு கீழே பிடிக்கிறார்கள். மணியும் அப்படித்தான் வாழப்போகிறது, கூடவே வியர்வையும் உண்டு.

ஆகவே "இத்தனை மணி செய்தேன், ஒன்றும் உடையவில்லை" என்பது நல்ல செய்திதான். ஆனால் அது வெப்ப அதிர்ச்சியைத் தாங்கியதற்குச் சான்றே தவிர, தகைவு நீங்கியதற்குச் சான்று இல்லை.

சரி, கம்பளம் என்ன செய்கிறது? அது மணியைச் சுற்றிக் காற்றோட்டத்தைத் தடுத்து, குளிரும் வேகத்தைக் குறைக்கிறது. சூட்டைத் தடுக்கும் வெர்மிகுலைட் கனிமத் துகள்களும் அதையே செய்கின்றன. ஆனால் முக்கியமான அந்த 565–500 இடைவெளியில் மணியை நிறுத்திவைக்கும் சக்தி இரண்டுக்கும் கிடையாது. சூடு தரும் எதுவும் அதில் இல்லை, மணி தன் சூட்டைக் கொடுத்துத்தான் கம்பளத்தைச் சூடாக்க வேண்டும். சின்ன மணியிடம் அவ்வளவு சூடு ஏது? அதனால் அந்த இடைவெளியை அது வேகமாகக் கடந்துவிடும். 

மணி சின்னதாக இருந்தால் அதனால் பெரிய கேடு வராது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் பருமனின் வர்க்கத்தில் ஏறும். 10 மில்லிமீட்டர் உருண்டை ஒன்று நொடிக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்ந்தால் நடுவுக்கும் தோலுக்கும் வித்தியாசம் சுமார் 7 டிகிரி. அதே வேகத்தில் 20 மில்லிமீட்டர் உருண்டை குளிர்ந்தால் 28 டிகிரி. 7 டிகிரியால் போரோவுக்கு அதிகம் ஆகாது, 28 அப்படி இல்லை. எனவே 6, 8 மில்லிமீட்டர் மணிகள் கம்பளத்திலிருந்தே ஓரளவு நல்ல நிலையில் வரலாம். அதே ஆள், அதே கம்பளத்தில், அதே நம்பிக்கையோடு 25 மில்லிமீட்டர் பதக்க மணி செய்யும்போதுதான் அடி விழுகிறது. இன்னொன்று, செராமிக் ஃபைபர் கம்பளம் பழசாகப் பழசாக நுண்ணிய இழைகளை உதிர்க்கும். அவை நுரையீரலுக்கு நல்லதல்ல. அதைப் பயன்படுத்துவதாக இருந்தால் மூடிய பெட்டிக்குள் வையுங்கள், உதறாதீர்கள், முகக்கவசம் போடுங்கள்.

சுடரிலேயே அனீல் செய்வது பற்றியும் கேட்பார்கள். ஆக்சிஜனைக் குறைத்து, பரந்த மென்சுடரில் மணியைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, கடைசியில் கரி படியும் வரை வைப்பது. ஆய்வகக் கண்ணாடி ஊதுபவர்கள் மெல்லிய சுவர் கொண்ட குழாய்களுக்கு இதைச் செய்வதில் பொருள் உண்டு. கனமான மணிக்கு இது ஆயத்தம் மட்டும்தான். ஆனால் அந்த ஆயத்தம் தேவை. உருவம் முடிந்ததும் மணியின் எல்லாப் பக்கமும் ஒரே சூடு வரும்படி சுடரின் வெளிப்புறத்தில் காட்டி, சிவப்பு மங்கிய பிறகு சூளைக்குள் விடுவது நல்ல பழக்கம். சிவப்போடு விட்டால் கம்பளத்தின், தட்டின் தடம் மணியில் பதியும்.

இப்போது வெப்பநிலைக்கு வருவோம். போரோசிலிகேட் 3.3-க்கு அனீலிங் புள்ளி 560 டிகிரி. இந்த வெப்பநிலையில் கண்ணாடியின் பாகுத்தன்மை 10-இன் 13-ஆம் அடுக்கு பாய்ஸ், தகைவு ஏறக்குறைய கால் மணி நேரத்தில் கரைந்துவிடும். ஸ்ட்ரெய்ன் புள்ளி, எந்த அட்டவணையைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து, 510 முதல் 518. அங்கே அதே தகைவு கரைய மணிக்கணக்கில் ஆகும். இரண்டுக்கும் இடையே பாகுத்தன்மை சுமார் 30 மடங்கு மாறுகிறது. இதிலிருந்து கையில் வைத்துக்கொள்ள ஓர் எளிய கணக்கு கிடைக்கிறது: 10 டிகிரி குறைந்தால் தேவையான நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 565-இல் அரை மணி என்றால் 545-இல் இரண்டு மணி நேரம். 525-இல் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்தால், செய்தது பாதி வேலைகூட இல்லை.

மேலே போகலாமா? 600-க்கு ஏற்றினால் சீக்கிரம் முடியும்தான், ஆனால் அதில் லாபம் இல்லை. அங்கிருந்து மறுபடி மெதுவாக இறங்கத்தான் வேண்டும், நீண்ட நேரம் நின்றால் மணி தான் படுத்திருக்கும் பரப்பின் தடத்தை வாங்கிக்கொள்ளும், வெள்ளி கலந்த நிறங்கள் மாறிப்போகும். 

இந்த 10 டிகிரிக் கணக்குதான் சூளையின் அளவீட்டை இவ்வளவு முக்கியமாக்குகிறது. கண்ட்ரோலர் திரையில் 565 என்று காட்டினால், தெர்மோகப்பிளின் (சூளையின் வெப்பநிலையை அளக்கும் உணரி) நுனி இருக்கும் இடத்தில் 565 என்று மட்டும்தான் பொருள். அந்த நுனி வழக்கமாகச் சுவரையோ கூரையையோ ஒட்டி இருக்கும். மணிகள் கதவுக்கு அருகில், தட்டின் மேல். முன்பக்கம் சின்னக் கதவு உள்ள மணிச் சூளைகளில் இரண்டு இடத்துக்கும் 15, 20 டிகிரி வித்தியாசம் இருப்பது வியப்பே இல்லை. 20 டிகிரி குறைவு என்றால் நேரம் நான்கு மடங்கு வேண்டும், உங்கள் அட்டவணையோ அதை அறியாது.

இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நிறமில்லாத போரோ தண்டிலிருந்து 1 மில்லிமீட்டர் பருமனில் மெல்லிய இழை இழுங்கள். அதை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு செங்கல் துண்டுகளின் மேல் பாலம் போல வையுங்கள். மணிகள் வைக்கும் அதே இடத்தில் வைக்க வேண்டும், அதுதான் முக்கியம். 540-இல் ஒரு மணி நேரம் வைத்துக் குளிர்ந்ததும் பாருங்கள். பிறகு புது இழையோடு 550, 560, 570 என்று போங்கள். உண்மையான வெப்பநிலை 560-ஐ எட்டும்போது ஒரு மணி நேரத்தில் நடுவில் 2, 3 மில்லிமீட்டர் தொய்வு தெரியும். தொய்வே இல்லை என்றால் நீங்கள் இன்னும் கீழே இருக்கிறீர்கள். பாதி வளைந்து தொங்கினால் தாண்டிவிட்டீர்கள். திரையில் அப்போது என்ன எண் தெரிகிறதோ அதுதான் உங்கள் சூளையின் 560. அதை மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். தெர்மோகப்பிள் மாற்றினால் மறுபடியும் செய்ய வேண்டும்.

இனி அட்டவணை. வேலை செய்யும் நேரம் முழுக்கச் சூளை 540 முதல் 565 வரை ஏதோ ஒரு வெப்பநிலையில் காத்திருக்கட்டும், முடிந்த மணிகள் ஒவ்வொன்றாக உள்ளே போகட்டும். வெள்ளி கலந்த நிறங்கள் அதிகம் பயன்படுத்துபவர் 540-இல் வைப்பது நல்லது. கடைசி மணி உள்ளே போனதும் 565-க்கு ஏற்றி, அங்கிருந்து நேரத்தைக் கணக்கிடுங்கள். 12 மில்லிமீட்டர் வரை அரை மணி போதும், நான் ஒரு மணி வைக்கிறேன், ஏனென்றால் சூளையின் மூலைகளும் வெப்பநிலைக்கு வர நேரம் வேண்டும். பிறகு மணிக்கு 50 அல்லது 60 டிகிரி வீதம் 500 வரை. அங்கிருந்து மணிக்கு 150 வீதம் 370 வரை. அதன் பின் அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் தானாக ஆறவிடலாம். மொத்தம் நான்கு மணி நேரத்துக்குள் கண்ட்ரோலரின் வேலை முடிந்துவிடும்.

பருமன் கூடினால் வர்க்கக் கணக்கை மறக்கக் கூடாது. 25 மில்லிமீட்டர் என்றால் இரண்டு மடங்கு பருமன், நான்கு மடங்கு மெதுவு: 565-இல் இரண்டு மணி நேரத்துக்கு மேல், 500 வரை மணிக்கு 12 முதல் 15 டிகிரி. அளக்கும்போது மணியின் மிகத் தடித்த இடத்தை அளவிடுங்கள். மீன், பூ என்று உருவ மணிகள் செய்பவர்கள் இன்னும் ஒரு படி மெதுவாகப் போக வேண்டும். தடித்த உடம்பும் மெல்லிய துடுப்பும் ஒரே வேகத்தில் குளிராது, இரண்டும் சேரும் கழுத்தில்தான் தகைவு சேரும். ஒரே சூளையில் பலவகை மணிகள் இருந்தால் மிகத் தடித்ததற்கான அட்டவணை எல்லாவற்றுக்கும் பொருந்தும். சின்னவற்றுக்கு மெதுவாகக் குளிர்வதால் எந்தத் தீங்கும் இல்லை, நிறம் மட்டும் விதிவிலக்கு.

மேண்ட்ரல் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. மணிச் சூளையின் சின்னக் கதவு வழியே கம்பியின் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பலர் வைக்கிறார்கள். எஃகு கண்ணாடியைவிடப் பத்து மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். வெளியே நீட்டிய கம்பி துளையிலிருந்து சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், அந்தப் பக்கத்துத் துளை வாய் 565-ஐ எட்டாமலே போகலாம். காத்திருக்கும் நேரத்துக்கு அது பரவாயில்லை. அனீலிங் தொடங்கும்போது கம்பிகள் முழுவதும் உள்ளே போய்விட வேண்டும். அதற்கு ஏற்ற நீளத்தில் கம்பியை வெட்டி வைத்துக்கொள்வதே சுலபம்.

கம்பளத்தில் ஆறிய மணிகளைப் பிறகு மொத்தமாக அனீல் செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம். போரோவின் பெரிய வசதியே இது. ஆனால் ஒரு வரிசையை விடக் கூடாது. அனீல் ஆகாத மணியைக் கம்பியிலிருந்து முறுக்கிக் கழற்றுவதும், ரீமர் விட்டுத் துளையைத் துடைப்பதும், இழுவிசையில் நிற்கும் அதே சுவரில் புதுக் கீறல் போடுவதற்குச் சமம். எனவே கம்பியோடே சூளைக்குள் வையுங்கள், கழற்றுவதும் சுத்தம் செய்வதும் அனீலிங் முடிந்த பிறகு. சூடேற்றும் வேகம், 12 மில்லிமீட்டர் மணி என்றால் ஒரு மணி நேரத்துக்கு 250 டிகிரி வரை தாங்கும், பெரியது என்றால் 100. கம்பியும் மணியும் சேர்ந்தே சூடேற வேண்டும் என்பதால் அவசரம் வேண்டாம். எஃகின் விரிவு போரோவைவிட ஐந்து மடங்கு, கம்பி மட்டும் முந்திக்கொண்டால் உள்ளிருந்து தள்ளும். ஏற்கெனவே விரிசல் கண்ட மணி 565-இல் ஒட்டிக்கொள்ளாது. அதற்குச் சுடர்தான் வழி, அல்லது குப்பை.

நிறங்களைப் பற்றி. போரோவில் வெள்ளி சேர்ந்த நிறங்கள், அம்பர்–ஊதா வகையும் கேரமல் வகையும், சூட்டில் நிற்கும் நேரத்தைப் பொறுத்து நிறத்தை வெளிப்படுத்துகின்றன. கண்ணாடிக்குள் வெள்ளி நுண்துகள்களாகத் திரள்வதுதான் காரணம். சூளையே இந்த நிறங்களை வெளிக்கொண்டுவரும் கருவி என்று சொல்லலாம். அதே சூளை அதிக நேரம் வைத்தால் பளிச்சென்ற நீலத்தையும் ஊதாவையும் மங்கிய பழுப்பாக்கிவிடும். இதற்குப் பயந்து அனீலிங்கைக் குறைக்காதீர்கள். காத்திருக்கும் வெப்பநிலையைத் தாழ்த்துங்கள், அல்லது நிற மணிகளை வேலையின் கடைசியில் செய்யுங்கள்.

அனீலிங்கால் தீராத தகைவு ஒன்று உண்டு. விரிவுக் குணகம் பொருந்தாத இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்தால், எவ்வளவு மெதுவாக ஆற்றினாலும் 500-க்குக் கீழே அவை வேறு வேறு அளவில் சுருங்கத்தான் செய்யும். 33-ம் 104-ம் ஒரு மணியில் சேரவே கூடாது, அது பிளந்தே தீரும். ஒரே 33 குடும்பத்துக்குள்ளும் அடர்ந்த நிறங்கள் சில கொஞ்சம் விலகி இருக்கும். மெல்லிய பூச்சாக இருந்தால் தெரியாது, கனமான கட்டியாகத் தெளிந்த கண்ணாடிக்குள் பொதித்தால் தெரியும். ஒரே நிறச் சேர்க்கையில் சரியாக அனீல் செய்த மணிகளும் திரும்பத் திரும்பப் பிளந்தால், அட்டவணையை நீட்டிப் பயனில்லை. சேர்க்கையை மாற்றுங்கள்.

எப்படிச் சரிபார்ப்பது? கணினியின் எல்.சி.டி. திரையில் முழு வெள்ளைப் பக்கத்தைத் திறங்கள். அந்த ஒளி ஏற்கெனவே முனைவுற்றது, அதாவது ஒரே திசையில் மட்டும் அதிர்வது. கேமரா போலரைசரோ (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) வெயிலுக்குப் போடும் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடியோ கண்முன் பிடித்து, திரை கறுப்பாகும்வரை சுழற்றுங்கள். இப்போது இடையில் மணியைப் பிடியுங்கள். தகைவு உள்ள இடம் கறுப்புப் பின்னணியில் வெளுப்பாக ஒளிரும், மணியைச் சுழற்றினால் அந்த ஒளி அலையும். மஞ்சள், நீலம் என்று வண்ணங்களே தெரிந்தால் தகைவு மிக அதிகம். நன்றாக அனீல் ஆனது கிட்டத்தட்ட இருட்டாகவே இருக்கும். உருண்டை மணி ஒளியை வளைத்துக் குழப்பும் என்பதால், அதை ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் கிளிசரினில் மூழ்கவைத்துப் பாருங்கள். கிளிசரினின் ஒளிவிலகல் எண்ணும் போரோவின் எண்ணும் 1.47, மணியின் ஓரங்கள் மறைந்து உள்ளே இருப்பது மட்டும் தெரியும். துளையைச் சுற்றி என்ன தெரிகிறது என்று முதலில் பாருங்கள். கம்பளத்தில் ஆறிய பெரிய மணி ஒன்றையும் சூளையில் ஆறிய ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தப் பதிலில் பாதியை நான் எழுதவே வேண்டியிருந்திருக்காது.

ஒளி ஊடுருவாத மணியில் இது செல்லாது. அதற்கு, அந்தத் தொகுதியிலேயே மிகத் தடித்த மணியின் அளவில் தெளிந்த கண்ணாடியில் ஒரு சாட்சி மணி செய்து கூடவே வையுங்கள். அது இருட்டாக வந்தால் மற்றவையும் அதே சூட்டையும் நேரத்தையும் கண்டிருக்கின்றன என்று நம்பலாம்.

கொதிநீரிலிருந்து பனிநீரில் போட்டுப் பார்ப்பது, உறைபெட்டியில் வைத்து எடுப்பது போன்ற சோதனைகளை விட்டுவிடுங்கள். போரோ அந்த 100 டிகிரியை அனீல் ஆகாமலே தாங்கக்கூடும், அதனால் எதுவும் நிரூபணமாகாது. தாங்கிய மணியில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தொடங்கிவைத்துவிட்டு அதையே ஒருவருக்குக் கொடுக்கும் அபாயம்தான் மிச்சம்.

சூளையே இல்லை என்றால்? போரோ செய்பவருக்கு இதில் நல்ல வழி இருக்கிறது. மணிகளைக் கம்பியிலேயே விட்டு, கம்பளத்தில் ஆற்றி, ஒரு பெட்டியில் ஒன்றோடொன்று உரசாமல் சேர்த்து வையுங்கள். கண்ட்ரோலர் உள்ள சூளை வைத்திருக்கும் கண்ணாடிக் கலைஞரிடமோ, மட்பாண்டம் செய்பவரிடமோ ஒரு முறைக்கு இடம் கேளுங்கள். 565-இல் நிலையாக நிற்கவும், மணிக்கு 50 டிகிரி வீதம் இறங்கவும் முடிந்தால் எந்தச் சூளையும் போதும். பெரிய மட்பாண்டச் சூளைகள் கனத்த சுவரால் தாமாகவே மெதுவாகக் குளிரும், அது நமக்குச் சாதகம். ஆனால் அவற்றின் தெர்மோகப்பிள் 1,000 டிகிரிக்கு மேலே துல்லியமாக இருந்தால் போதும் என்று வைத்திருப்பார்கள், அதனால் இழைச் சோதனையை அங்கேயும் செய்துவிடுங்கள். மணிகளைப் பருமன் வாரியாகப் பிரித்து, பெரியவற்றைத் தனிச் சுற்றாகப் போடுங்கள். வெளியே வந்ததும் கைபொறுக்கும் சூட்டில்கூட அவசரப்பட்டுத் தண்ணீரில் போட வேண்டாம், அறைவெப்பத்துக்கு வரட்டும். பிறகு ஊறவைத்துக் கழற்றி, துளையை நீருக்குள் பிடித்தே ரீமரால் சுத்தம் செய்யுங்கள். பூச்சுத் தூசி மூச்சில் போகாது, கண்ணாடியும் சூடேறாது. துளை வாயில் கூரான விளிம்பு விரலுக்குத் தட்டுப்பட்டால் அதையும் அப்போதே வைர அரத்தால் மழுக்கிவிடுங்கள்.